போட்டோவின் பின்பக்கம்

என் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. போட்டோ லேப்பின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே, "ஏலே ஆட்டோ, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டுதான் நுழைவாள். ஆல்பம் போட வந்தவர்கள், பாஸ்போர்ட் போட்டோவுக்குக் காத்திருப்பவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் ஆட்டோ ஓட்டுகிறவன் என்று நினைத்து ஒரு பெரியவர் ரயில்வே ஸ்டேஷனுக்கு எவ்வளவு கேட்பீக என்று விசாரித்தே விட்டார். அவள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மரியாதையாக 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். ஊரே கேமராக்கா என்று கூப்பிட்டது. ஆனால் எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் அவளை நினைத்தால் முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கள் லேப் விருதுநகர் பஜாரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மிளகாய் வத்தல் கிட்டங்கிகளுக்கு நடுவே இருந்தது. வத்தல் மூட்டை இறக்குகிற நாளில் கஸ்டமர், ஓனர், நான் எல்லோரும் வரிசையாகத் தும்முவோம். டிஜிட்டல் கேமரா ஊருக்குள் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம் அது. பிலிம் கழுவுகிற தொட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிடியைப் போட்டால் படம் வருகிற மெஷின் ஒன்றை ஓனர் இறக்கியிருந்தார். அந்த மெஷினுக்கு ஆபரேட்டர் நான்.

மெஷினில் ஆட்டோ என்று ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு படமாகத் திறந்து மஞ்சளைக் குறை, சிவப்பைக் கூட்டு என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆட்டோவை அமுக்கிவிட்டால் மெஷினே படத்தைப் பார்த்து, எந்த நிறம் தூக்கலாக இருக்கிறதோ அதைத் தட்டி, எல்லாவற்றையும் சமப்படுத்தித் தள்ளிவிடும். பெரும்பாலான படம் நன்றாகவே வரும். வராத படத்தை யாரும் கேட்பதில்லை.

அவள் கேட்டாள்.

மிஷன் பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் மகள் அவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட எங்கள் ஓனரிடம், "ஒங்க வீட்ல எப்படிப் போகுதுண்ணே?" என்று திருப்பிக் கேட்டு வாயை அடைத்தவள். ஊர் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பக்கம் ஆம்பளை போட்டோகிராபர் போக முடியாது. அங்கே இவள்தான். அதே காரணத்துக்காகப் போலீசும் இவளைக் கூப்பிடும். கிணறு, தூக்கு, தீ என்று பெண் பிணம் எதுவானாலும் ஓர் ஏட்டு பைக்கில் வந்து கூட்டிக்கொண்டு போவார். காலையில் நிக்காஹ் வீட்டு மருதாணிக் கை, மத்தியானம் பிணவறை என்று இரண்டும் ஒரே சிடியில் வந்த நாளும் உண்டு. இரண்டுக்கும் அவள் ஒரே மாதிரிதான் என்னிடம் சண்டை போடுவாள்.

அவள் பையில் ஓர் அட்டை இருக்கும். கம்பி மத்தாப்புப் பெட்டியைப் பிரித்து விரித்த அட்டை. வெளிப்பக்கம் மத்தாப்பு பிடித்துக்கொண்டு சிரிக்கிற குழந்தை, உள்பக்கம் வெறும் சாம்பல் நிறம். சிவகாசிப் பக்கம் பெட்டி போடுகிற அட்டை எல்லாம் அப்படித்தான் இருக்கும். எங்கே படம் எடுக்கப் போனாலும் முதலில் அந்தச் சாம்பல் பக்கத்தை அந்த இடத்து வெளிச்சத்தில் யாரையாவது பிடிக்கச் சொல்லி ஒரு கிளிக். இங்கே இதுதான் சாம்பல், இதை வைத்து மற்ற நிறத்தைப் புரிந்துகொள் என்று கேமராவுக்குச் சொல்வது. ஒயிட் பேலன்ஸ் என்பார்கள். எல்லாக் கம்பெனி அட்டையும் இதற்கு ஆகாது. ஒன்று லேசாக மஞ்சளடிக்கும், இன்னொன்று பழுப்படிக்கும். முப்பது நாற்பது பெட்டியை வெயிலில் விரித்துப் போட்டுப் படம் எடுத்துப் பார்த்து இந்த ஒன்றைப் பொறுக்கியிருந்தாள். அது தொலைந்தால் ஊரைக் கொளுத்திவிடுவாள் என்று ஓனர் சொல்வார்.

"ஒரு வெள்ளத் தாளப் பிடிச்சா ஆகாதாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எந்த வெள்ள? இந்தா, ஒங்க ஓனர் கட்டியிருக்காரே வேட்டி, இது வெள்ளையா?"

ஓனர் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். "வெள்ளதானம்மா. காலைலதான் கட்டுனேன்."

"நீலம்ணே. சொட்டு நீலத்துல முக்கி எடுத்த நீலம். கண்ணு பழகிப்போச்சு, அம்புட்டுதான். கேமராவுக்குப் பழகாது."

இது சும்மா வாய்ப்பேச்சு இல்லை. அந்த வருஷம் வைகாசியில் பெரிய வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு வேறொரு போட்டோகிராபர் போயிருந்தார். ஒயிட் பேலன்ஸ் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா கட்டியிருந்த வேட்டியைக் காட்டிப் பார்த்துவிட்டார். வேட்டி நீலம். அந்த நீலத்தை வெள்ளை என்று நம்பிய கேமரா, மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் மஞ்சளை அள்ளிப் பூசிவிட்டது. பெண்ணுக்கு மஞ்சள்காமாலை என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு கிழவி கிளப்பிவிட, பேச்சு ரொம்ப தூரம் போய்விட்டது. பெண்ணின் அம்மா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் லேப்புக்கு ஓடிவந்தார். அன்றைக்கு இவள் அங்கே இருந்தாள். ஆல்பத்தை இரண்டு பக்கம் புரட்டினாள்.

"ஒங்க சம்பந்தி வேட்டிய யாரு தொவைக்கிறது?"

"அவுக வீட்ல வேல பாக்குற அம்மா. எதுக்குக் கேக்கீக?"

"நீலத்தக் கொறைக்கச் சொல்லுங்க. ஒங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு, ஒரு படத்தை உருவித் திருப்பி, பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் 'சொட்டு நீலம்' என்று எழுதிக் கொடுத்தாள். டாக்டர் சீட்டு மாதிரி அதை வாங்கிக்கொண்டு அந்தம்மா போனார்.

அது அவள் வழக்கம். நிறம் கெட்ட படம் எது கையில் கிடைத்தாலும், யாரால் கெட்டது என்று கண்டுபிடித்துப் பின்பக்கத்தில் எழுதிவிடுவாள். 'டியூப்லைட்.' 'பச்சைப் பந்தல்.' 'நான், அவசரம்' என்று தன்னையே எழுதிக்கொண்ட படங்களும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லையென்றால் நான் அநியாயக்காரன் ஆவேன். நிறம் சரியாக வந்த படத்தின் பின்னால் எதுவும் எழுத மாட்டாள். பாராட்டு என்ற ஒன்று அவள் பேனாவில் கிடையாது. வெறும் பின்பக்கம்தான் அவளிடம் கிடைக்கிற அதிகபட்ச மரியாதை.

எனக்குக் கிடைத்ததெல்லாம் 'ஆட்டோ'தான்.

"மெஷின் பண்ணிருச்சுக்கா."

"மெஷினுக்குக் கை இருக்கா? எவன் அமுக்குனான்?"

"கூட்டம் நிக்குதுக்கா. ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டிருந்தா விடிஞ்சிரும்."

"அப்ப கூட்டம் அமுக்குச்சுன்னு எழுதவா?"

இப்படிப் பேசினால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? ஓனரோ அவளைப் பகைத்துக்கொள்ள மாட்டார். முஸ்லிம் வீட்டு ஆல்பம் ஆர்டர் பாதி அவள் மூலமாக வந்தது. "அந்தம்மா சொல்றபடி பண்ணிக் குடுத்துருப்பா" என்று என்னிடம் சொல்வார். அவள் தலை மறைந்ததும், "அதுக்காக எல்லாத்தயும் நோண்டிக்கிட்டு இருக்காத, ஆட்டோவப் போடு, சீசன்" என்பார்.

தீபாவளிக்கு ஒரு மாசம் இருக்கும். சிவகாசிப் பக்கத்திலிருந்து பட்டாசு விலைப்பட்டியலுக்கான படங்கள் மலை மாதிரி வந்து குவிந்த நேரம். ஒரு சாயங்காலம் அவள் முந்தின நாள் வாங்கிப்போன நிக்காஹ் படக் கட்டோடு வந்தாள். கவுண்டரில் சீட்டுக்கட்டு விரிக்கிற மாதிரி நாற்பது படத்தையும் கவிழ்த்துப் பரப்பினாள். நாற்பதின் பின்னாலும் 'ஆட்டோ.' 'ஆட்டோ.' 'ஆட்டோ.' கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எனக்குப் பெண் பார்த்திருந்த வீட்டிலிருந்து ஒருவர், அந்தப் பெண்ணின் தாய்மாமன், பாஸ்போர்ட் போட்டோ வாங்க வந்து அதே இடத்தில் நின்றார். அவர் ஒன்றை எடுத்து வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மருதாணி செவப்பா இருக்கணும். இவன் போட்டதுல காப்பிப்பொடி மாதிரி இருக்கு. கைல கண்ணு கெடயாது, கண்ணுல கவனம் கெடயாது. இவனுக்கு எவன் வேல குடுத்தான்?" என்றாள், யாரிடமோ சொல்கிற மாதிரி.

அன்றைக்கு எனக்குள் ஒரு வைராக்கியம் வந்தது. இனி இவள் வாயால் சொல்லி நான் ஒரு பொத்தானைக்கூட அமுக்க மாட்டேன்.

மறுநாள் மத்தியானம் வெடிச்சத்தம் கேட்கவில்லை. அது தூரம். ஆனால் மூன்று மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சிவகாசி போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு பட்டாசு செட். யாரோ லைசென்ஸ் வாங்கி, யாரோ குத்தகைக்கு எடுத்து, யாரோ நடத்திய இடம். நாலு பெண்கள் அங்கேயே செத்துப்போனார்கள். நாலா ஐந்தா என்றே முதலில் தெரியவில்லை. வேனில் எந்த ஊரில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று வேன்காரனுக்கே கணக்கு இல்லை. பதிவேட்டில் பெயர் இருந்தவர்கள் வேறு, உள்ளே உட்கார்ந்து மருந்து அடைத்தவர்கள் வேறு. சீசன் என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் சர்வ சாதாரணமாகச் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

ஏட்டு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அன்று அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது, ஒரு வீட்டில் பெண்கள் பக்கம் கல்யாணம். அதனால் பிணவறையில் எடுத்து முடித்ததும் சிடியை ஏட்டு கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டு மண்டபத்துக்கு ஓடினாள். வழக்கமாகப் போலீஸ் படத்தை மட்டும் அவள் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் போட வைப்பாள். அன்றைக்கு ஒருநாள் நிற்கவில்லை. அதற்குப் பதிலாக சிடி உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டு செருகியிருந்தாள். 'ஆட்டோ வேண்டாம்.' அடியில் இரண்டு கோடு.

நான் அந்தச் சீட்டைப் பார்த்தேன்.

மெஷினில் சிடியைப் போட்டேன். எதற்கு எடுத்த படம் என்று எனக்குத் தெரியும். உடம்பை அடையாளம் காண முடியாத நிலை. மருந்து இருக்கிற செட்டில் உலோகம் ஆகாது என்று வளையல், மெட்டி, தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதனால் நகையும் இல்லை. உடம்புக்கு அடியில் மடிந்து கிடந்ததால் எரியாமல் தப்பின ஒரு சாண், அரைச் சாண் சேலைத்துணி. அதைத்தான் ஒவ்வொருவருக்கும் கிட்டத்தில் போய், படம் முழுக்க நிறைகிற மாதிரி எடுத்திருந்தாள். வீட்டு ஆட்களை உள்ளே விட்டு அந்தக் கோலத்தைக் காட்ட வேண்டாம், படத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஸ்டேஷனில் முடிவு.

நேற்றுக் கவுண்டரில் பரப்பின நாற்பது படம் என் கண்ணுக்குள் நின்றது. நீ சீட்டு எழுதினால் நான் கேட்க வேண்டுமா? ஆட்டோவை அமுக்கினேன்.

பார்த்துவிட்டுத்தான் அமுக்கினேன். இதை ஒருமுறையாவது ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

படம் முழுக்க ஒரே நிறம் இருந்தால் ஆட்டோ ஏமாந்துபோகும். இத்தனை பச்சை எப்படி வரும், வெளிச்சம்தான் பச்சையாக இருந்திருக்கிறது என்று அதுவாக முடிவு கட்டி, பச்சையைத் தட்டித் தட்டி எடுத்துவிடும். நாலு சேலையில் மூன்று பல நிறப் பூப்போட்டவை. அவை கொஞ்சம் மங்கலாக வந்தாலும் தப்பித்தன. நாலாவது கிளிப்பச்சை. பூ இல்லை, கரை இல்லை, வெறும் கிளிப்பச்சை. அது மெஷினிலிருந்து சாம்பல் நிறத்தில் வந்து விழுந்தது. நான் அதை எடுத்துக் கவரில் போட்டு ஏட்டிடம் கொடுத்தேன்.

மூன்று பெண்களை அன்றைக்கே அடையாளம் கண்டுவிட்டார்கள். நாலாவது ஆளுக்கு யாரும் இல்லை.

காரியாபட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர், பிழைக்க வந்த இடத்தில் குடியிருந்தவர், பெண்டாட்டியைத் தேடிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஜாக்கெட் பிட். சேலையோடு சேர்ந்து வருகிற துணி, இன்னும் தைக்கக் கொடுக்காதது. எந்தச் சேலை என்று வாயால் சொன்னால் தப்பாகிவிடும் என்று அதை எடுத்து வந்திருக்கிறார். எவ்வளவு யோசனை பாருங்கள் அந்த மனுஷனுக்கு. ஜாக்கெட் பிட்டை என் படத்தின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பிட் கிளிப்பச்சை. படம் சாம்பல். இன்ஸ்பெக்டரே அவர் முதுகில் தட்டி, "இது ஒங்க வீட்டுக்காரி இல்லப்பா. காயம்பட்டவங்கள மதுரைக்குக் கொண்டுபோயிருக்காங்க, அங்கன போய்ப் பாரு" என்று அனுப்பியிருக்கிறார்.

போனார். மூன்று நாள். மதுரை, சிவகாசி, மறுபடி மதுரை. ஒவ்வொரு தீக்காய வார்டிலும் நர்ஸுகளிடம் அந்தப் பச்சைத் துணியை விரித்துக் காட்டியிருக்கிறார். அத்தனை நேரமும் அவர் பெண்டாட்டி இங்கே பிணவறைப் பெட்டிக்குள் நம்பர் போட்டுக் கிடந்தாள்.

மூன்றாம் நாள் கேமராக்கா ஏதோ கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் போனாள். மேஜைமேல் படங்கள் கிடந்தன. பெஞ்சில் அவர், மடியில் பச்சைத் துணி. அவள் அந்தத் துணியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். அவள் கண்ணால் பார்த்த சேலை அது. பிணவறையில் மத்தாப்பு அட்டையை வைத்து நிறம் பார்த்து எடுத்த சேலை. ஏட்டு பிற்பாடு என்னிடம் சொன்னார்: "அந்தம்மா படத்த எடுத்துக்கிச்சு. வாங்கண்ணேன்னு அவரக் கூட்டிக்கிட்டு நேரா ஒங்க கடைக்குக் கெளம்பிருச்சுப்பா."

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது ஏலே ஆட்டோ இல்லை. பின்னால் அவர். ஒல்லியான ஆள், நாற்பது வயதிருக்கும், விரல் இடுக்கெல்லாம் போகாத வெள்ளிப்பூச்சு. அவரும் பட்டாசுக்காரர்தான், வேறு செட்.

"அந்தச் சிடியப் போடு. நாலாவது படம்."

போட்டேன்.

"ஆட்டோ இல்லாம."

படம் வருவதற்கு ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தில் சிடி உறையை எடுத்துக் குலுக்கினாள். சீட்டு கவுண்டரில் விழுந்தது.

"இதப் பாத்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். சீட்டு உள்ளே ஒட்டிக்கிடந்தது, தெரியவில்லை என்றால் யார் என்ன செய்ய முடியும்? ஆனால் அவர் எதிரில் நின்றார். "பாத்தேன்க்கா" என்றேன்.

"பாத்துட்டா போட்ட?"

"பாத்துட்டுத்தான்."

ஓனர் நடுவில் வந்தார். "மெஷின் பண்றதுக்குப் பய என்னம்மா பண்ணுவான், சீசன் நேரம்..."

"நீங்க சும்மா இருங்க" என்றாள். அவ்வளவு மெல்லிசாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

படம் வந்து விழுந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. அவள் தொடவில்லை. "நீ எடு. நீயே அவர்ட்ட குடு" என்றாள். எடுத்தேன். அவர் ஜாக்கெட் பிட்டை கவுண்டரில் விரித்து, இரண்டு கையாலும் சுருக்கம் நீவினார். நான் படத்தை அதன்மேல் வைத்தேன். எங்கே துணி முடிகிறது, எங்கே படம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. அப்படி ஒரு பச்சை. என் வாழ்நாளில் நான் போட்ட படங்களில் நிறம் அச்சு அசலாக வந்தது அதுதான்.

அவர் அழவில்லை. என்னை அடிக்கவும் இல்லை. விரலால் படத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்:

"இல்லன்னு சொன்னாகளேம்மா. ஸ்டேசன்ல வச்சு இல்லன்னு சொன்னாகளே. அன்னைக்கே மாரியாத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுக்கேன்னு நேந்துட்டேனே. போட்டோல இருக்கது எம் பொண்டாட்டி இல்லன்னு ஆக்கிக் குடுத்துட்டியே தாயின்னு கும்புட்டேனே. இப்ப அத எடுக்கணுமா, வேண்டாமா?"

ஓனர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வரிசையில் நின்ற ஒரு பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேமராக்காவுக்கும் மாரியம்மனுக்கும் சம்பந்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் முன் வரிசையில் உட்கார்ந்து பாடுகிறவள். ஏதாவது ஆறுதல் சொல்லுவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"நீங்க எடுக்க வேண்டாம்ணே" என்றாள். "நீங்க எந்தப் போட்டோவப் பாத்து நேந்தீக? இவன் போட்ட போட்டோவப் பாத்து. அப்ப அது இவன் நேர்ச்ச. இவன் எடுப்பான்."

ஸ்டேஷன் மேஜையிலிருந்து கொண்டுவந்த சாம்பல் படத்தைத் திருப்பி, பால்பாயிண்ட் பேனாவை எடுத்தாள். இந்தத் தடவை 'ஆட்டோ' என்று எழுதவில்லை. என் பெயரை எழுதினாள். இன்ஷியலோடு. என் பெயர் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அதன் பிறகு மாசக்கணக்கில் எனக்குள் ஒரே பொருமல். இவள் யார் என் தலையில் சட்டியை ஏற்ற? எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அம்மா கூப்பிட்டால்கூடக் கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிற ஆள் நான். சரி, நான் செய்தது தப்பு. ஆனால் அந்தப் பெண்ணைக் கொன்றது நானா? போலீஸ் எழுதியது என்ன தெரியுமா? 'உராய்வு.' உராய்வினால் வெடித்தது, முடிந்தது கதை. கேமராக்கா ஏட்டிடம் கேட்டாளாம், "உராய்வுக்கு அப்பா பேரு என்னண்ணே?" என்று. ஏட்டு சிரித்துவிட்டுப் போய்விட்டார். லைசென்ஸ்காரன் குத்தகைக்காரனைக் காட்டினான், குத்தகைக்காரன் செத்த பெண்களின் கவனக்குறைவைக் காட்டினான். பொங்கல் கழிந்து அதே செட்டுக்கு வேறு பெயரில் பலகை மாட்டி, அதே வேன் அதே ஊர்களுக்குப் போனது. ஆளாளுக்குக் கையைக் கழுவிக்கொண்டார்கள். மொத்தத்தில் பெயர் எழுதப்பட்டவன் நான் ஒருத்தன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவள்மேல் எரிகிறதா, அவன்கள்மேல் எரிகிறதா என்று கேட்டால், இரண்டும்தான்.

அவள் லேப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. வந்தாள், சிடியைக் கொடுத்தாள், பக்கத்தில் நின்றாள், படத்தை வாங்கிக்கொண்டு போனாள். நான் ஆட்டோவைத் தொடுவதில்லை. சட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு முடியாது என்று சொல்லியிருப்பேன். கேட்காமல் இருந்தே கொன்றாள்.

மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேறின அன்று அவர் லேப்புக்கு வந்தார். அதே மஞ்சள் பை. ஒரு ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"தம்பி, அந்தம்மா ஏதோ கோவத்துல சொன்னது. நீங்க மனசுல வச்சுக்காதீக. ஆத்தாட்ட வாய்விட்டுச் சொன்னது நான். நானே எடுத்துருதேன். ஒங்களுக்குக் கலியாணம் வேற வச்சிருக்காகளாமே, நல்லபடியா இருங்க."

நாலு அறை விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். நல்லபடியா இருங்க என்று சொல்லிவிட்டார். அவர் போன பிறகு ஓனரிடம் லீவு கேட்டேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். தும்மல் வராத நாளில் ஓனர் கண்ணில் தண்ணீர் வந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

காப்புக் கட்டினேன். மஞ்சள் வேட்டி கட்டினேன். சட்டி எடுக்கிற அன்று காலை வெயில் ஏறி ஊரே மஞ்சளும் வேப்பிலையுமாக இருந்தது. அவர் எனக்கு முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கிவிட்டார். சட்டியை வாங்கின முதல் நிமிஷத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெருமுனை திரும்புவதற்குள் உள்ளங்கை வழியாகச் சூடு முழங்கைக்கு ஏறியது. எனக்குப் பக்தி வரவில்லை. அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது, ஒரு சாண் துணிதான் தெரியும். அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். வாய்க்குள் கெட்ட வார்த்தையாக வந்தது, எல்லார் மேலும்.

பஜாரில் அவள் நின்றாள், கேமராவோடு. வழியை மறித்தாள்.

"கொஞ்சம் நில்லு."

"சுடுதுக்கா!"

"சுடும். அண்ணே, இத இவன் மூஞ்சிக்குப் பக்கத்துல பிடிங்க" என்று மத்தாப்புப் பெட்டி அட்டையை அவரிடம் நீட்டினாள். வெள்ளிப்பூச்சுப் போகாத விரல்களால் அவர் அதை வாங்கி, எந்தப் பக்கம் என்று தெரியாமல் குழந்தைப் பக்கத்தைக் காட்டினார். அவள் அவர் கையிலேயே அதைத் திருப்பி வைத்தாள். சாம்பல் பக்கம் என் கன்னத்தோரம் வந்தது. ஒரு கிளிக். அட்டையை எடுக்கச் சொன்னாள். இன்னொரு கிளிக்.

"போ" என்றாள்.

ஒரு வாரம் கழித்து, உள்ளங்கையில் மருந்து தடவிக்கொண்டு லேப்பில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கவர் வந்தது. அவள் வரவில்லை, பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். வேறு எங்கோ போட்ட படம். மஞ்சள் வேட்டி மஞ்சளாக, வேப்பிலை பச்சையாக, தீ தீயின் நிறத்தில் இருந்தது. நான் மட்டும் கறுத்துச் சிவந்து, ஊரையே திட்டுகிற முகத்தோடு நின்றேன். என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும், சந்தேகமில்லை.

இப்போது என்ன எழுதியிருக்கிறாளோ என்று படத்தைத் திருப்பினேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.

பின்பக்கத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.